சின்னராசாவின் கடல் நாள்

அத்தியாயம் 6

"மணி நாலு பத்து. ஆறு மணிக்குள்ள திருடனைப் பிடிக்கணும். எட்டு மணிக்கு வேர்ல்ட் கப் ஃபைனல் பார்க்கணும். நடுவுல நான் சாப்பிடணும். அக்கா, இந்த லிஃப்ட்டைக் கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க."

ஒஸ்லோவின் அம்மருட் அடுக்குமாடிகளின் லிஃப்ட்டுகள் யார் சொல்லியும் வேகமாகப் போனதில்லை. சத்தியபாமா பாலாவுக்காகப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள்.

பதினான்கு வருடமாக ஒஸ்லோ சுரங்க ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருப்பவள் சத்தியபாமா. பெட்டிக்குள் ஏறிய மூன்றாவது விநாடியில் டிக்கெட் இல்லாத முகத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் புகழ் பரவி, இந்தப் பகுதித் தமிழர்கள் தங்கள் சிக்கல்களோடு அவள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். மதுரைக்காரன் பாலா கணினி நிறுவனத்தில் வேலை செய்பவன். ஜனவரியிலிருந்து பக்கத்து ரொம்சோஸில் அவள் வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறான்.

லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் ஒரு கை உள்ளே நுழைந்தது. பின்னாலேயே தமிழர் விளையாட்டுக் கழகத் தலைவர் ஜெயரத்தினம் நுழைந்தார்.

"பாமா, நீ ஏன் மினக்கெடுறாய்? கழக அறைக்குத் திறப்பு ஒண்டுதான். அது கபிலன்ரை கையிலை. கழகம் வெண்ட சுற்றுக்கிண்ணத்தைக் காணேல்லை. பூட்டு உடைபடேல்லை. இதிலை துப்பறிய என்ன கிடக்கு?"

"சார், கணக்கு இவ்வளவு சரியா இருந்தா எனக்கு பயம்" என்றான் பாலா. "எங்க வேலையில முதல் தடவையே ஒழுங்கா ஓடுற ப்ரோகிராம்லதான் பெரிய தப்பு ஒளிஞ்சிருக்கும்."

"ஆர் இந்த இந்தியாப் பெடியன்?"

"என்ரை வீட்டிலை இருக்கிறார் அண்ணை. அறைக்கு வாடகை தாறார். வாய் மட்டும் இலவசம்."

ஜெயரத்தினம் சிரிக்கவில்லை. "ஆறு மணிக்கு தோரில் வந்து திறப்பை வாங்கப் போறா. நான் எல்லாம் சொல்லிப்போட்டன்" என்று இரண்டாம் மாடியில் இறங்கிப் போனார்.

தோரில் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி. நாளைக் காலை மூன்று வார விடுமுறைக்கு மலை வீட்டுக்குப் போகிறவள். போவதற்கு முன் கபிலன் விவகாரத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

கபிலனுக்கு இருபத்துநாலு வயது. விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். மூன்று மாதமாக இதே கட்டடத்தின் பராமரிப்பாளராகத் தகுதிகாண் வேலையில் இருக்கிறான். ஆகஸ்டில் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆனால் ஒரு கிண்ணத்தைக் காக்க முடியாதவனிடம் நூற்றிருபது வீட்டுச் சாவிகளை எப்படிக் கொடுப்பது என்பது தோரிலின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

கபிலன் சொன்னது ஒரே கதை. புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கழக அறையைக் கழுவினான். தரை காயட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குப்பை போடப் போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பூட்டினான். மாலையில் பார்த்தால் கிண்ணம் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை யாரும் நம்பவில்லை.

"அந்தக் கதவு தெரியிற குசினி ஜன்னல் இந்தக் கட்டடத்திலை இரண்டுதான்" என்றாள் சத்தியபாமா. "ஒண்டு பாகிஸ்தான் குடும்பம். ஜூன் மாசமே லாகூருக்குப் போட்டினம். மற்றது சின்னராசா அண்ணை வீடு."

"அவர்தான் மெடிட்டரேனியன் குரூஸ் போயிருந்தாரே! மூணு மாசமா கோயில்ல அர்ச்சனைத் தட்டு வாங்குறவங்ககிட்டகூட சொல்லிட்டிருந்தார். நேத்துதான் வந்தார்."

"தெரியும். போகேக்கை வீட்டுத் திறப்பை ஆரிட்டையும் குடுத்தவரோ எண்டு மட்டும் கேப்பம்."

லிஃப்ட் நான்காம் மாடியில் மூச்சு வாங்கி நின்றது.

*

அழைப்பு மணி முழுதாக ஒலிக்கும் முன்பே கதவு திறந்தது.

"வாங்கோ, வாங்கோ! கடல் படம் பாக்கத்தானே வந்தனீங்கள்? பின்னேரம் கீழை எல்லாருக்கும் பெரிசாக் காட்டப்போறன். உங்களுக்கு இப்பவே காட்டுறன், இருங்கோ!"

சத்தியபாமா இன்னும் வாயே திறக்கவில்லை.

சின்னராசா தபால் பிரிக்கும் நிலையத்தில் பத்தொன்பது வருடம் இரவு வேலை செய்தவர். உட்கார வைத்த வேகத்தில் மடிக்கணினியைத் திறந்தார். அவர் மனைவி பவளராணி ஒரு வார்த்தையும் பேசாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"காபி கிடைக்குமா ஆன்ட்டி?"

"இந்த வீட்டிலை தேத்தண்ணிதான் தம்பி."

"அவவுக்குக் கப்பல் ஆட்டம் இன்னும் தெளியேல்லை" என்று சின்னராசா அவசரமாகச் சொன்னார். "இதைப் பாருங்கோ. புதன்கிழமை. முழுக்கக் கடல் நாள்! ஒரு துறைமுகமும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. படுக்கிறது, குடிக்கிறது, சாப்பிடுறது, திரும்பப் படுக்கிறது."

சாய்வு நாற்காலியில் சின்னராசா. கம்பியைப் பிடித்தபடி பவளராணி. எலுமிச்சைத் துண்டு சொருகிய கண்ணாடிக் குவளையோடு சின்னராசா. தொப்பியோடு, தொப்பி இல்லாமல், மறுபடியும் தொப்பியோடு. சுற்றிலும் நீலக் கடல்.

"வெனிஸ் படம் இல்லையோ அண்ணை?"

"அங்கை சரியான சனம். கமராவை வெளியிலை எடுக்கேலாது, பறிச்சுக்கொண்டு ஓடிடுவாங்கள்."

"கிரீஸ்?"

"சரியான வெக்கை. கமரா பழுதாப்போடும்."

"கேமராவை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க சார்" என்றான் பாலா. "ஆன்ட்டியை வெக்கையில விட்டுட்டீங்க."

பவளராணியின் உதட்டோரம் ஒரு கணம் துடித்து அடங்கியது.

"இதுதான் எனக்குப் பிடிச்ச படம்." சின்னராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளை விரிப்பு போட்ட மேசை, இறால் மலை போலக் குவிந்த தட்டு, சுவரில் பெரிய கடிகாரம், ஜன்னல் வழியாகச் சரிந்து வந்த வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்ட பவளராணி. "இராச் சாப்பாடு. மணிக்கூடும் விழுற மாதிரி எடுத்தனான், பாருங்கோ. பத்துக்குப் பத்து நிமிசம்! அந்த நேரத்திலையும் றால் கொண்டந்து கொட்டிக்கொண்டே இருப்பாங்கள்."

பாலாவுக்குத் தேநீர் புரை ஏறியது.

"ராத்திரி பத்துங்களா சார்?"

"ஓம். பின்னை, காலமையோ இவ்வளவு றால் தின்னுறது?"

சத்தியபாமாவுக்குப் படத்தில் எதுவும் உறுத்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சின்னராசாவின் கையை. பேசும்போதெல்லாம் அது சட்டைப் பையைத் தடவித் தடவித் திரும்பியது. ரயிலில் டிக்கெட்டைத் தேடுகிறவர்களிடம் அவளுக்கு நன்றாகப் பழகிய அசைவு.

பாலா இருமிக்கொண்டே எழுந்தான். "அக்கா, வெளிய கொஞ்சம் காத்து வாங்கணும். என்கூட வாங்க."

*

"அக்கா, வெயில்!"

"என்ன வெயில்?"

"படத்துல! ராத்திரி பத்து மணிக்கு வெயில்!"

"ஜூலை மாசத்திலை பத்து மணிக்கு வெயில் அடிக்காமல்…" என்று தொடங்கியவள் அப்படியே நின்றாள்.

"அதேதான். உங்களுக்கெல்லாம் இருபது வருஷத்துல பழகிப்போச்சு. எனக்கு இது முதல் சம்மர். ஜன்னலுக்கெல்லாம் சமையல் ஃபாயில் ஒட்டிட்டுத் தூங்குறேன். பத்து மணிக்கு வெயில்னு சொன்னா எங்கப்பா போன்லயே ‘குடிச்சிருக்கியா?’ன்னு கேட்கிறார்." பாலா கைப்பேசியை நீட்டினான். "ஏதென்ஸ்ல என் கிளாஸ்மேட் இருக்கான். இருமும்போதே மெசேஜ் அனுப்பிட்டேன். ஒன்பது மணிக்கு முன்னாடியே அங்க சூரியன் போயிடுமாம்."

சத்தியபாமா சுவரில் சாய்ந்தாள். வெள்ளை விரிப்பு. இறால் குவியல். இடதுபக்க ஜன்னல்.

"ஐயோ கடவுளே! அது டென்மார்க் போற கப்பல். பின்னேரம் ஒஸ்லோவிலை ஏறினால் நாளண்டைக்குக் காலமை திரும்ப இஞ்சை வந்திடலாம். நானே நாலு தரம் அந்த மேசையிலை சாப்பிட்டனான்."

"அப்போ ஐயா ஊரைவிட்டே போகலை. ஜன்னல் அவரோடது. நாலு மாடி இறங்கினா கிண்ணம். கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாம்."

"டிக்கெட் இல்லாத எல்லாரும் கள்ளர் இல்லை, பாலா. சில பேர் டிக்கெட்டை வாங்கிப்போட்டு வீட்டிலை வைச்சிட்டு வந்திருப்பினம். அவையின்ரை முகத்திலை பயத்தைவிட வெக்கம்தான் கூட இருக்கும்."

"இவர் முகத்துல?"

"வெக்கம்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் மணியை அழுத்தினாள்.

*

"அண்ணை, புதன்கிழமை மத்தியானம் எந்தக் கடலிலை இருந்தனீங்கள்?"

"மத்தியதரைக் கடல். ஏன் கேக்கிறாய்?"

"சார்" என்றான் பாலா பணிவாக, "அந்தக் கடல்ல ராத்திரி பத்து மணிக்கு சூரியன் நின்னிருந்தா பேப்பர்ல போட்டிருப்பாங்க."

சின்னராசா கடிகாரப் படத்தைப் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்துகொண்டே போனது.

அப்போது சமையலறை வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது. பவளராணி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏழு நாள் அடக்கிய சிரிப்பு.

"மணிக்கூடு வேண்டாம் எண்டு சொன்னனானே! கேட்டனீங்களோ? எல்லாம் வெளிக்கிட்ட சனிக்கிழமை ராகுகாலத்தாலை வந்த வினை, பாமா."

"சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது துடங்கிப் பத்தரை தானே?"

"அது ஊர்க் கணக்கு!" சின்னராசாவுக்கு இந்த இடத்தில் மட்டும் குரல் திரும்பியது. "ராகுகாலம் எண்டது பகலை எட்டாப் பிரிச்சு எடுக்கிறது. இஞ்சை இப்ப நாலு மணிக்குச் சூரியன் உதிக்குது. படேக்கை பத்தே முக்கால். எட்டாப் பிரிச்சுப் பாருங்கோ. எட்டு நாப்பதுக்குத் துடங்கினது, முடியப் பதினொரு மணி."

"பிளேன் எத்தனை மணிக்கு சார்?"

"பதினொண்டு இருபத்தைஞ்சு."

பாலா தலையில் கை வைத்தான். "ராகு உங்களுக்காக ஓவர்டைம் பார்த்திருக்கார் சார்."

"எட்டரைக்கே வெளிக்கிட்டனாங்கள்" என்றாள் பவளராணி. "கதவடியிலை இவர் தும்மிப்போட்டார். சகுனம் சரியில்லை எண்டு திரும்பி வந்து இருந்து தண்ணி குடிச்சார். குடிச்சு முடிய எட்டு நாப்பத்திரண்டு. பிறகு ஆர் இவரை வாசல் தாண்டப் பண்ணுறது? பிளேனும் போட்டுது, பின்னேரம் கப்பலும் போட்டுது."

மூன்று மாதம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, கப்பல் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? திரையை இழுத்து மூடிவிட்டு இருவரும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். இரவிலும் விளக்குப் போடத் தேவையில்லாத ஜூலை மாதம் ஒளிந்திருக்க வசதியாக இருந்தது. காலுறையோடு நடந்தார்கள். உதைபந்தாட்டத்தைச் சத்தம் இல்லாமல் பார்த்தார்கள். படம் வேண்டுமே என்று திங்கட்கிழமை மழைக்கோட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்வாசலால் இறங்கி டென்மார்க் கப்பல் ஏறினார்கள். புதன்கிழமை காலை அதே பின்வாசலால் திரும்பினார்கள். நேற்று அதிகாலை பெட்டிகளோடு திருட்டுத்தனமாக வெளியே போய், மத்தியானம் ஊரறிய வந்து இறங்கினார்கள்.

"அப்ப புதன் பன்னிரண்டரைக்கு…" சத்தியபாமா ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கினாள். நேர் கீழே கழக அறைக் கதவு. "இதிலை இருந்தனீங்கள்."

சின்னராசா திரையை இழுத்து மூடினார்.

"கபிலன் கதவைத் திறந்து வைச்சிட்டுப் போனதைக் கண்டனீங்கள்."

"கண்டனான்."

"பிறகு வந்தவரையும்?"

"கண்டனான். ஆரெண்டு சொல்லமாட்டன்."

"ஏன் அண்ணை?"

"எங்கை நிண்டு கண்டனீ எண்டு கேப்பினம், பாமா! என்ன சொல்ல? கப்பலிலை தூரக்கண்ணாடி இருந்தது எண்டோ? நான் செத்தாலும் இந்தக் கதையை விட்டுச் சிரிப்பாங்கள். ஒஸ்லோவிலை மட்டுமில்லை. கனடாவிலை, லண்டனிலை, எல்லா இடத்திலையும்."

பாலா ஏதோ சொல்ல வாயெடுத்தான். சத்தியபாமா கண்ணால் தடுத்தாள்.

பவளராணிதான் பேசினாள். சிரிப்பு இப்போது குரலில் இல்லை.

"நேற்று லிஃப்ட் பழுது. எங்கடை இரண்டு பெட்டியையும் நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்தவன் கபிலன். எல்லாரும் அவனை அண்டைக்கு முழுக்கக் கள்ளன் எண்டு பேசிப்போட்டு விட்டவை. அப்பிடி இருந்தும், ‘கப்பல் எப்பிடி மாமி, நல்லா இருந்ததோ?’ எண்டு கேட்டான். நான் ஓமெண்டு சொன்னன். எனக்கு இராத்திரி நித்திரை இல்லை."

சின்னராசா மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

"ஆறு மணிக்குப் படம் காட்டவேணும். நீங்கள் போங்கோ."

*

கழக அறையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சுவர்த் தட்டில் கிண்ணம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. முன் வரிசையில் தோரில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கபிலனின் சாவிக்கொத்து. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவன் அதைக் கழற்றிக் கொடுத்திருந்தான். இப்போது எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் நின்றான்.

"நம்பிக் குடுத்தம், நாசமாப் போச்சு" என்று ஜெயரத்தினம் ஐந்து நிமிடம் பேசினார். "சரி, மனசை ஆத்துவம். சின்னராசா, கடலைக் காட்டும்."

திரைகள் இழுபட்டன. சுவரில் நீலக் கடல் விரிந்தது. சாய்வு நாற்காலி. எலுமிச்சைக் குவளை. தொப்பி. தொப்பி இல்லாமல். மறுபடியும் தொப்பி. சின்னராசா ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார்த்தைதான் சொன்னார்.

"கழண்டுக்கிட்டார் அக்கா" என்று பாலா கிசுகிசுத்தான். "நீங்களே எழுந்து சொல்லிடுங்க."

"பொறு."

கடிகாரப் படம் வந்தது. சின்னராசா நிறுத்தினார்.

"இதை வடிவாப் பாருங்கோ. இராப் பத்து மணி. வெயில். ஆருக்கும் ஏதும் பிழையாத் தெரியுதோ?"

யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ இறாலை மெச்சினார்கள்.

"எனக்கும் தெரியேல்லை. இந்த மதுரைத் தம்பிதான் பிடிச்சவர். மத்தியதரைக் கடலிலை இந்த நேரம் கும்மிருட்டு. இது டென்மார்க் கப்பல். நாங்கள் குரூஸ் போகேல்லை. பிளேனை விட்டிட்டம். ராகுகாலம் பாத்து விட்டிட்டம். மிச்ச நாளெல்லாம் மேலை, வீட்டுக்குள்ளை திரையைப் போட்டுக்கொண்டு இருந்தனாங்கள்."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. நாற்காலிகள் ஆடின. சின்னராசா கையைக் கட்டிக்கொண்டு, சிரிப்பு முடியும்வரை நின்றார். பவளராணி எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சிரிச்சு முடிஞ்சுதோ? இனி இதைக் கேளுங்கோ. புதன் பன்னிரண்டரைக்குக் குசினி ஜன்னலிலை நிண்டனான். கபிலன் சொன்ன பத்து நிமிசம் உண்மை. அவன் குப்பை வாளியோடை அங்காலை போனான். இன்னொராள் உள்ளை வந்தார். வெளியிலை போகேக்கை கையிலை மழைக்கோட்டைச் சுத்தி, பிள்ளையைத் தூக்குற மாதிரித் தூக்கிக்கொண்டு போனார். அண்டைக்கு மழை இல்லை. ஜெயரத்தினம் அண்ணை, அந்தக் கோட்டுக்குள்ளை என்ன இருந்தது?"

எல்லாத் தலைகளும் ஜெயரத்தினத்தின் பக்கம் திரும்பின.

"விசர்க் கதை!" ஜெயரத்தினம் துள்ளி எழுந்தார். "கப்பலுக்கே போகாமல் கப்பல் படம் காட்டினவன்! இந்தப் புளுகன்ரை கதையை நம்புறீங்களோ?"

"நான் நம்புறன்" என்றாள் சத்தியபாமா உட்கார்ந்தபடியே. "தினமும் ரயிலிலை இருபது பொய் கேக்கிறன் அண்ணை. பொய் சொல்லுறவை தங்களைப் பெரிசாக்கித்தான் சொல்லுவினம். இவர் இப்ப தன்னைச் சின்னனாக்கிச் சொல்லுறார். அதுக்கு ஒருத்தரும் பொய் பாவிக்கிறேல்லை."

ஜெயரத்தினம் நின்றபடியே வற்றிப் போனார். கனடாவில் இருக்கும் தம்பிக்கு வெப் கமராவில் கிண்ணத்தைக் காட்ட ஆசைப்பட்டது, பால்கனி மேசையிலிருந்து அது விழுந்தது, ஒரு பக்கக் கைபிடி கழன்றது, திருத்துகிற கடை கோடை விடுமுறைக்குப் பூட்டி ஆகஸ்டில்தான் திறப்பது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

"எல்லாரும் கேக்கத் துடங்கினதும் பயம் பிடிச்சிட்டுது. நான் தலைவர்… எப்பிடிச் சொல்ல? கிண்ணம் என்ரை காருக்குள்ளைதான் கிடக்கு."

தோரில் இங்கும் அங்கும் பார்த்தாள். சத்தியபாமா அவள் பக்கம் குனிந்து நோர்வேஜிய மொழியில் மூன்று வாக்கியங்கள் சொன்னாள். ராகுகாலத்தை மட்டும் விட்டுவிட்டாள். அதற்கு மூன்று வாக்கியம் போதாது.

தோரில் எழுந்தாள். மடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், கபிலனின் கையைப் பிடித்து அதற்குள் வைத்து மூடினாள். ஆகஸ்ட் முதலாம் திகதி கையெழுத்துப் போட வரச் சொன்னாள். இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அறை கை தட்டியது.

கபிலன் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டினான். பிறகு ஜெயரத்தினத்தைப் பார்த்தான். அவன் கத்தப் போகிறான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கத்தினால் தப்பில்லை என்றும் பலர் நினைத்தார்கள்.

கபிலன் போய்க் கதவை அகலத் திறந்து, தோளால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போய் எடுத்துக்கொண்டு வாங்கோ அங்கிள்" என்றான். "நீங்கள் வருமட்டும் நான் பூட்டமாட்டன்."